கடற்பஞ்சும் கண்ணாடித் தொட்டியும்

களை என்ற சொல்லுக்குத் தாவரவியலில் இடமில்லை. கமக்காரனின் பேச்சிலேதான் இடமுண்டு. வெங்காயப் பாத்தியில் முளைத்த கோரை களையாகிறது. அதே கோரை வாய்க்கால் வரம்பில் நின்றால் மண்ணைப் பிடித்து வைக்கும் புல்லாகிறது. செடி மாறவில்லை. அது நிற்குமிடமும் அதனைப் பார்ப்பவனின் தேவையுமே மாறின. நிலத்தைப் பொறுத்தவரை இவ்வுண்மை யாவர்க்கும் தெரிந்ததொன்று. நீரிலும் களை உண்டு என்பதையும், அக்களையைப் பிடுங்குவது எத்துணை இடர்ப்பாடான காரியம் என்பதையும் யாழ்ப்பாணத்தில் ஒரு சிலர் அண்மைக் காலத்திலேயே அறியத் தொடங்கியுள்ளனர். வீட்டு மண்டபத்திற் கண்ணாடித் தொட்டியொன்றை வைத்து, அதிலே கடல்நீரை நிரப்பி, கடல்மீன் வளர்ப்போரே அவர்கள்.

நன்னீர்த் தொட்டியிலே பொன்மீன் வளர்ப்பது குடாநாட்டுக்குப் புதிதன்று. கடல்நீர்த் தொட்டியோ வேறு வகையானது. அதன் நீர் இரவும் பகலும் ஓடிக்கொண்டேயிருக்க வேண்டும். பம்பி ஓயாது இயங்கினாலன்றி மீன் பிழைக்காது. 1990ஆம் ஆண்டின் பின் பல ஆண்டுகளாக மின்விளக்கையே காணாதிருந்த ஒரு நிலப்பகுதியில் இத்தகைய பொழுதுபோக்கு எண்ணிப் பார்க்கவும் இயலாததாயிருந்தது. ஆகவே கடல் நாற்புறமும் சூழ்ந்திருக்க, கடலை வீட்டுக்குட் கொணரும் ஆசை மட்டும் மிகத் தாமதித்தே இங்கு வந்து சேர்ந்தது.

தொட்டி அமைத்துச் சில மாதங்கள் கழிந்ததும் ஒரு காட்சி தென்படும். வெளிச்சம் படாத மூலையில், நீர் வடிகட்டும் அறையின் சுவரில், கல்லின் அடிப்புறத்தில், விரல்நகம் அளவேயான வெண்ணிறக் குஞ்சங்கள் சில தோன்றும். உற்றுப் பார்த்தால் ஒவ்வொன்றும் சிறிய அன்னாசிப்பழம் போலிருக்கும். நுனியிலே ஒரு துளை தெரியும். வேறு சில தொட்டிகளில் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு படலம் கல்லைத் தழுவிப் பரவும். முதலில் வியப்பைத் தரும் இக்காட்சி, குஞ்சங்கள் நூறாகிப் படலம் கையகலமானதும் அச்சத்தைத் தருகிறது. பம்பியின் வாயை அவை அடைக்கின்றன, கல்லை மூடுகின்றன. வளர்ப்பவரின் மனத்தில் ஒரே வினாவே எழுகிறது: இதனை எப்படி ஒழிப்பது?

ஒழிக்க முற்படுமுன் அது யாதென அறிதல் முறையாகும். அது கடற்பஞ்சு. அசையாது ஓரிடத்தில் ஒட்டியிருத்தலால் நெடுங்காலம் அதனைத் தாவரமென்றே பலர் கருதினர். 1825ஆம் ஆண்டில் எடின்பரோவைச் சேர்ந்த இரொபேட் கிராண்ட் என்னும் அறிஞர் உயிருள்ள கடற்பஞ்சின் துண்டொன்றைக் கடல்நீரிலிட்டு உருப்பெருக்கியினூடாக நோக்கினார். அதன் பெருந்துளையினின்று நீர் ஓயாது பீறிட்டு வருவதையும், அந்நீரோடு நுண்துகள்கள் வெளிவருவதையும் அவர் கண்டார். உடலெங்கும் உள்ள நுண்துளைகளால் நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள பற்றீரியா முதலியவற்றை வடித்து உண்டு, எஞ்சிய நீரைப் பெருந்துளையால் வெளிவிடும் விலங்கு அது. வாயில்லை, வயிறில்லை, நரம்பில்லை. நீர் புகுந்து வெளியேறும் வழிகளே அதன் உடல். ஒரு நாளில் அது வடித்தெடுக்கும் நீர் அதன் உடற்கனவளவினும் பல்லாயிரம் மடங்காகும்.

ஆகவே கடற்பஞ்சு செழித்துள்ள தொட்டியைப் பற்றி ஒரு முடிவு உடனே கிடைத்துவிடுகிறது. அங்கு வடித்தெடுக்க வேண்டியது நிரம்ப உண்டு. உணவில்லாத இடத்தில் எவ்வுயிரும் பெருகுவதில்லை. மீனுக்கென இட்டு, மீன் உண்ணாது விட்ட இரை, அழுகிய பாசி, கழிவு, இவற்றில் வளரும் பற்றீரியா. இத்தனையும் பஞ்சுக்கு விருந்து. வளர்ப்பவர் விரும்பி அழைக்காத அவ்விருந்தாளிக்கு அவரே தினமும் இலை போட்டுக்கொண்டிருக்கிறார்.

அது வந்த வழியும் அவர் திறந்துவிட்டதே. சங்கின் ஓட்டிலோ கடற்றாவரத்தின் அடியிலோ கல்லின் பொந்திலோ ஒட்டிக்கொண்டு கடற்பஞ்சு தொட்டியுட் புகும். கண்ணுக்குப் புலனாகாத அதன் குடம்பிகள் வாளியில் மொண்ட கடல்நீரோடும் வரலாம். மேலைநாடுகளில் தொட்டி வளர்ப்போர் உயிர்கள் குடியேறிய முருகைக்கல்லை விலைக்கு வாங்கித் தொட்டியில் வைப்பர். இலங்கையிலோ முருகைக்கல்லைச் சேகரித்தலும் வைத்திருத்தலும் கொண்டுசெல்லுதலும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தடைசெய்யப்பட்டவை. கரையிற் கிடந்த கல்தானே என்று எடுத்து வருவோர் இதனை மனங்கொள்ள வேண்டும். சுட்ட ஓட்டுத் துண்டும் வெயிலிற் காய்ந்த சுண்ணாம்புக் கல்லும் தொட்டிக்குப் போதியவை. அவற்றிலே குடியேறியிருக்கும் அந்நியரும் குறைவு.

வடமராட்சியில் ஓர் ஆசிரியர் இவ்வாறு ஒரு தொட்டியை வளர்த்தார். சாம்பல்நிறப் படலமொன்று கல்லை மூடியதும், அவர் பழைய பற்றூரிகை ஒன்றை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே கல்லைத் தேய்க்கத் தொடங்கினார். படலம் உரிந்தது, நீர் கலங்கியது. ஒரு கிழமைக்குள் மீன்களுள் இரண்டு இறந்தன. ஒரு மாதத்துக்குள் முன்பு படலம் இல்லாதிருந்த மூலைகளிலும் அது புள்ளி புள்ளியாகத் தோன்றியது. அவர் மீண்டும் தேய்த்தார். அது மீண்டும் வந்தது.

இதற்குக் காரணம் அறிவியலில் நூறாண்டுக்கு முன்பே வெளிப்பட்டுவிட்டது. 1907ஆம் ஆண்டில் அமெரிக்க உயிரியலாளர் எச். வி. வில்சன் உயிருள்ள கடற்பஞ்சொன்றை நுண்ணிய பட்டுத்துணியினூடாகப் பிழிந்தார். அதன் கலங்கள் தனித்தனியே பிரிந்து நீரில் வீழ்ந்தன. பிழிந்த மாவிலிருந்து மீண்டும் தேங்காய் உருவாவது எவ்வாறு இயலாதோ, அவ்வாறே இதுவும் இயலாதென எவரும் எண்ணுவர். ஆயினும் அக்கலங்கள் ஊர்ந்து சென்று ஒன்றையொன்று தேடிச் சேர்ந்தன, சிறு திரள்களாயின, அத்திரள்கள் மீண்டும் துளையும் வாய்க்காலும் கொண்ட கடற்பஞ்சுகளாயின. துணியிற் பிழிந்தும் சாகாத உயிரைப் பற்றூரிகையால் தேய்த்துக் கொல்ல முயல்வது, அதன் விதையைத் தொட்டியெங்கும் தூவுவதற்கு ஒப்பாகும்.

மீன்கள் இறந்ததற்கும் காரணம் உண்டு. ஓடி ஒளியவோ கடித்து எதிர்க்கவோ இயலாத கடற்பஞ்சு, தன்னைக் காத்துக்கொள்ள இரசாயனப் பொருள்களையே நம்பியிருக்கிறது. அவற்றுட் சில நச்சுத்தன்மையுடையவை. கடலில் அழுங்காமை கடற்பஞ்சைப் பெரிதும் உண்டு வாழ்வது. அதன் இறைச்சியை உண்டோர் நஞ்சேறி இறந்த நிகழ்ச்சிகள் இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் பதிவாகியுள்ளன. அந்நஞ்சு ஆமையின் உணவிலிருந்தே வருவதாகக் கருதப்படுகிறது. சிறிய தொட்டியொன்றில் கடற்பஞ்சைக் கசக்குவதும், கசங்கியது அழுகி அமோனியாவாக மாறவிடுவதும் மீனுக்கு எத்தகைய கேட்டைத் தரும் என்பதை இதனால் உய்த்துணரலாம்.

ஆசிரியரின் தொட்டியை ஒருநாள் சங்கு குளிக்கும் முதியவர் ஒருவர் வந்து பார்த்தார். நாற்பது ஆண்டுகள் கடலடியை நேரிற் பார்த்தவர் அவர்.

“மாஸ்ரர், உது சுரண்டச் சுரண்டப் பெருகும். நீங்கள் மீனுக்கு என்னத்தைப் போடுறியள், எவ்வளவு போடுறியள் எண்டு முதல்லை பாருங்கோ” என்றார்.

“அப்ப இதை இப்பிடியே விட்டிடச் சொல்லுறியளோ, அண்ணை?”

“விடச் சொல்லேல்லை. அது என்னத்தைத் திண்டு வளருதெண்டு பாக்கச் சொல்லுறன்.”

அம்முதியவரின் சொல்லையே செயன்முறையாக விரித்துரைக்கலாம். முதலாவது, எல்லாக் கடற்பஞ்சும் தீங்கானதன்று. அன்னாசி வடிவான வெண்குஞ்சங்கள் குறுகிய ஆயுளுடையவை; தாமே தோன்றித் தாமே மறைபவை; பம்பியின் வாயை அடைத்தாலன்றி அவற்றைத் தொட வேண்டியதில்லை. கல்லின் அடியில் இருளிலே வாழ்வன நீரைத் தெளிவாக்கும் வேலையைக் கூலியின்றிச் செய்கின்றன. சங்கையும் சிப்பியையும் துளைப்பனவும், உயிருள்ளவற்றின்மேற் படர்ந்து மூடுவனவுமே அகற்றத்தக்கவை. இரண்டாவது, அகற்றுமிடத்துத் தொட்டிக்குள் வைத்துத் தேய்த்தலாகாது. கல்லை வெளியே எடுத்து, வேறொரு வாளிக் கடல்நீரிலே துலக்கி, அந்நீரை நிலத்திற் கொட்டிவிட வேண்டும். துலக்கிய கல்லைச் சிறிது நேரம் காற்றுப்பட வைத்தல் நன்று. நீரின்றிப் போனால் பஞ்சின் வாய்க்கால்களுட் காற்றுப் புகுந்து அடைத்துக்கொள்ளும். அதன்பின் மீண்டும் நீரில் இட்டாலும் அது பெரும்பாலும் பிழைப்பதில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் அகற்றாது, சிறிது சிறிதாக அகற்றுதல் வேண்டும். மூன்றாவதே முதன்மையானது: இரையைக் குறைத்தல், மீந்ததை உடனே அகற்றுதல், நீரின் ஒரு பகுதியைக் கிழமைதோறும் மாற்றுதல்.

இம்மூன்றையும் செய்த பின்னும் ஆசிரியரின் தொட்டி முற்றாகத் தெளியவில்லை. எஞ்சியிருந்த காரணம் அவருடைய கிணற்றில் இருந்தது. யாழ்ப்பாணத்து வெயிலில் தொட்டி நீர் விரைவில் ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே, உப்புத் தங்கிவிடும். ஆகவே குறைந்த நீரை ஈடுசெய்யக் கடல்நீரை ஊற்றினால் உப்பு மிகும்; நன்னீரையே ஊற்ற வேண்டும். இதனை ஆசிரியர் அறிந்திருந்தார். கிணற்றில் அள்ளி ஊற்றினார். குடாநாட்டின் கிணற்றுநீரோ வெறும் நீரன்று. மண் படை மெல்லியது. அதன்கீழ் வெடிப்பும் குகையும் மலிந்த சுண்ணாம்புப் பாறை. வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் மிளகாய்க்கும் இட்ட உரமும், மலக்குழிகளின் கசிவும் அப்பாறையினூடாகத் தடையின்றி நிலத்தடி நீரை அடைகின்றன. குடிநீரில் நைத்திரேற்று இலீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு தாண்டப்பட்டிருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. நாள்தோறும் ஒரு செம்பு கிணற்றுநீர் ஊற்றியவர் நாள்தோறும் சிறிது உரத்தையும் சேர்த்து ஊற்றியவராகிறார். கடற்பஞ்சு நைத்திரேற்றை நேரே உண்பதில்லை. ஆயினும் அதனால் பாசி வளர்கிறது. பாசியிலிருந்து கசியும் கரிமப் பொருளால் பற்றீரியா வளர்கிறது. இரண்டையும் உண்டு பஞ்சு வளர்கிறது. மாரிகாலத்தில் துப்புரவான பாத்திரத்திற் பிடித்துவைத்த மழைநீரை ஊற்றத் தொடங்கிய பின்னரே அத்தொட்டி மெல்ல மெல்லத் தெளிந்தது. பஞ்சு முற்றாக மறையவில்லை. கல்லின் அடிப்புறத்தோடு அடங்கி நின்றது.

தனிமனிதர் ஒருவரின் தொட்டியில் நிகழ்ந்த இது, அரசாங்கமொன்றின் அளவில் இந்நாட்டுக் கடலிலும் நிகழ்ந்துள்ளது. மன்னார் வளைகுடாவின் முத்துச்சிப்பிப் பார்கள் அடிக்கடி வெறுமையாகிப் போவதன் காரணத்தை ஆராயும்படி பிரித்தானிய அரசாங்கம் லிவர்பூல் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹேட்மனை அழைத்தது. 1902ஆம் ஆண்டு தொடக்கத்தில் அவர் இலங்கை வந்தார். உதவியாளராக ஜேம்ஸ் ஹோணெல் உடன் வந்தார். 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக வெளிவந்த அவர்களது அறிக்கையில் முத்துச்சிப்பியின் பகைவர் வரிசை ஒன்று உண்டு. திருக்கை, நட்சத்திரமீன் ஆகியவற்றோடு துளைக்கும் கடற்பஞ்சும் அதில் இடம்பெற்றது. சிப்பியின் ஓட்டைச் சிறிது சிறிதாக அரித்து, தேன்கூடு போலத் துளைத்து, உட்குடியிருக்கும் பஞ்சு அது. அதே ஆய்வின் பகுதியாக 1905இல் ஆதர் டெண்டி என்னும் அறிஞர் இலங்கைக் கடற்பஞ்சுகளை வகைப்படுத்தியபோது, அவ்வினங்களுள் ஒன்றுக்கு முத்துச்சிப்பியின் பெயரையே சூட்டினார். கொல்லப்படுவதன் பெயரைக் கொல்வதற்குச் சூட்டியதில் ஒரு விசித்திரம் இருக்கவே செய்கிறது.

அதே 1905ஆம் ஆண்டில் மறிச்சுக்கட்டியில் நடந்த முத்துக்குளிப்பில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் அள்ளப்பட்டன. அடுத்த ஆண்டில் பார்கள் ஒரு கம்பனிக்குக் குத்தகைக்கு விடப்பட்டன. 1907இன் பின் நெடுங்காலம் குறிப்பிடத்தக்க முத்துக்குளிப்பு எதுவும் நடைபெறவில்லை. பருவக்காற்று நீரோட்டம் மணலை வாரிச் சிப்பிகளை மூடுதல், இளஞ்சிப்பிகள் நெருங்கி மூச்சுமுட்டுதல் ஆகியவற்றையே ஹேட்மன் பெருங்காரணங்களாகக் கண்டார். துளைக்கும் பஞ்சு பெரும்பாலும் முதிர்ந்த ஓட்டையே நாடுவது. யாழ்ப்பாணத்துச் சங்கு வாணிகரும் இதனை நன்கறிவர். வங்காளத்து வளையல் தொழிலுக்குச் சென்ற சங்குகளுள் துளையுண்டவை விலைபோகாது கழிக்கப்பட்டன. அவை பெரும்பாலும் வயது முதிர்ந்த சங்குகள். பகைவர் வரிசையிலே பஞ்சின் பெயரை எழுதுவது எளிது. எட்டுக் கோடியை அள்ளியவரின் பெயர் அவ்வரிசையில் எழுதப்படவில்லை.

கடலில் அதே துளைக்கும் பஞ்சு செய்யும் வேறொரு தொழிலும் உண்டு. இறந்த முருகைக்கல்லையும் ஓட்டையும் அரித்து நுண்துகளாக்கிக் கடலுக்கு மீளக் கொடுப்பது அது. முருகைக்கல் வளர்வதும், பஞ்சும் மீனும் அரிப்பதும், அலை பொடியாக்குவதும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, அவற்றினின்றே மணலும் சேறும் பிறக்கின்றன. தீவகத்துக் கரைகளில் கால்வைத்தோர் யாவரும் அத்தொழிலின் விளைவின்மேல் நடந்தவரே. தொட்டியில் களையாகத் தெரிவது கடலில் கமக்காரனாகவும் இருக்கிறது.

இந்த ஈடு குலையுமிடத்து என்ன நேரும் என்பதற்கும் அண்மையிலேயே சான்று உண்டு. கருஞ்சாம்பல் நிறமான, ஒரு மில்லிமீற்றர் தடிப்புமில்லாத கடற்பஞ்சினம் ஒன்று பசிபிக் சமுத்திரத்துக் குவாம் தீவில் 1970களில் கவனிக்கப்பட்டது. உயிருள்ள முருகைக்கல்லின்மேல் அது மாதமொன்றுக்கு ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் பரவி, கீழுள்ள உயிரைக் கொன்றுவிடுகிறது. 1993இல் அதற்கு தெர்பியோசு ஹோசினோட்டா எனப் பெயரிடப்பட்டது. 2015இல் இந்திய ஆய்வாளர் அதனைப் பாக்கு விரிகுடாவின் முருகைக்கற்களிலும் கண்டனர். அக்கடலின் மறுகரையே யாழ்ப்பாணக் குடாநாடு. இக்குடாநாட்டைச் சூழ்ந்த முருகைக்கற் பார்கள் அற்பமானவையல்ல. 2021இல் வெளியான ஆய்வொன்று, இலங்கையில் அதற்குமுன் பதிவாகாத 36 முருகை இனங்களை இங்கு உறுதிப்படுத்தியது. நீண்ட போர்க்காலத்தில் ஆய்வாளரின் கண்ணுக்கு எட்டாதிருந்த செல்வம் அது. அறியப்பட்ட பொழுதிலேயே அதனைக் காக்க வேண்டிய பொறுப்பும் வந்து சேர்ந்துள்ளது.

அப்பொறுப்பு எங்கே தொடங்குகிறது என்பதைக் கீரிமலைக்குச் செல்வோர் கண்கூடாகக் காணலாம். கடல் அலையடிக்கும் ஓரத்திலேயே அங்கு நன்னீர் ஊறுகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறில்லாத இக்குடாநாட்டின் மழைநீர், பாறைக்குள்ளேயே ஆறாக ஓடிக் கடலைச் சேர்கிறது என்பதற்குக் கீரிமலைக் கேணியிலும் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தோட்டத்தில் இட்ட உரம் கிணற்றுக்கு வருகிறது. கிணற்றிலிருந்து ஆசிரியரின் தொட்டிக்கு வந்தது. கிணற்றுக்கு வந்த அதே நீர், கேட்பாரின்றிக் கடலுக்கும் போகிறது. தொட்டியென்ற சிறு கடலிற் பஞ்சு எழுதிக் காட்டிய கணக்கு, வெளியேயுள்ள பெருங்கடலுக்கும் பொருந்தாது என்று எவரும் துணிந்து கூற இயலாது.

எனவே வேண்டாத கடற்பஞ்சைக் கண்டவர் அதனை வெறுத்து ஒதுக்குவதிலும், அது எதனை உண்டு வளர்கிறது என்று கேட்பதே அறிவுடைமை. அக்கேள்வியைக் கேட்டவர் முதலிற் தன் கையிலுள்ள இரைப் பொதியைப் பார்ப்பார்; பின்னர்த் தன் கிணற்றைப் பார்ப்பார்; அதன்பின் வேலிக்கு அப்பாலுள்ள தோட்டத்தையும், அதற்கும் அப்பாலுள்ள கடலையும் பார்ப்பார். தொட்டியின் நீர் பழுதானால் மாற்றிவிட ஒரு வாளி போதும். பாக்கு நீரிணைக்கு அத்தகைய வாளி எவரிடமும் இல்லை.